மோட்டார் பம்பிலிருந்து சிரிஞ்சு பம்புக்கு: இயந்திர வடிவமைப்புப் பொறியாளர் மருத்துவக் கருவித் துறைக்குப் போகலாமா?

பற்சக்கரம் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் நீர்மூழ்கி மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இம்பெல்லர், பம்ப் உறை, தண்டு, பேரிங் இருக்கை ஆகியவற்றை வரைவது, வார்ப்படம் வந்ததும் அளந்து பார்ப்பது, லேத் பட்டறையில் நின்று பிழை எங்கே நேர்ந்தது என்று தேடுவது ஆகியவையே என் அன்றாட வேலை.

இப்போது சென்னையில் சிரிஞ்சு பம்ப் (சிரிஞ்சிலுள்ள மருந்தை மெதுவாக நோயாளிக்குச் செலுத்தும் கருவி) உருவாக்கும் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நேர்காணலில் அவர்கள் என்னை எதையும் வரையச் சொல்லவில்லை. ஒரு சிரிஞ்சு பம்பை மேசைமேல் வைத்து, இது யாருக்கு எந்த வகையில் தீங்கு செய்யக்கூடும் என்று கேட்டு, அரை மணி நேரம் என்னைப் பேசவிட்டார்கள். மின்கசிவு, கூர்மையான விளிம்பு, கீழே விழுந்து உடைவது என்ற மூன்றுக்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் என்னை எடுத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

அதே துறையில் இருக்கும் என் கல்லூரி நண்பர், அங்கே நாளின் பெரும்பகுதி ஆவணம் எழுதுவதிலேயே போய்விடும் என்றும், சாலிட்வொர்க்ஸ் என்ற வரைகலை மென்பொருளில் உட்காரும் நேரம் மிகக் குறைவு என்றும் சொல்கிறார். எனக்கு வரைவது பிடிக்கும். பட்டறையில் நிற்பதும் பிடிக்கும். இந்த ஆறு ஆண்டுகளில் கற்ற கைத்திறன் அங்கே வீணாகிவிடுமா என்பதுதான் என் கேள்வி. அந்தத் துறையில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எஃகுத்தாள்

நான் அந்தத் துறையில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவன் என்பதால், உங்கள் நண்பர் சொன்னது உண்மை என்றே சொல்வேன். பின்மூடியைப் பிடிக்கும் ஒரு எம்3 திருகின் நீளத்தை 8 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்கு மாற்றுவதற்கு எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. மாற்றக் கோரிக்கை எழுத வேண்டும். அந்த மாற்றம் இடர் மதிப்பீட்டுக் கோப்பைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய சோதனை முடிவுகள் இன்னும் பொருந்துமா என்று காரணத்துடன் எழுத வேண்டும். அதன் பிறகு ஐந்து பேரின் கையொப்பம் வாங்க வேண்டும். மோட்டார் பம்ப் நிறுவனத்தில் இதை மதியத்துக்குள் முடித்திருப்பீர்கள். வரைவதை நேசிப்பவருக்கு இந்த வேகம் மனச்சோர்வைத் தரும். எனக்குத் தந்தது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகும்முன் தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

திருகுதண்டு

இருபத்திரண்டு ஆண்டுகளாக மருத்துவக் கருவிகளின் இயந்திரப் பகுதிகளை வடிவமைத்து வருகிறேன். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் மருந்து செலுத்தும் பம்புகளோடு கழிந்தவை. எஃகுத்தாள் சொல்லும் ஏழு வாரத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் கைத்திறன் வீணாகுமா என்ற கேள்விக்கு என் பதில் வேறு. அந்த நேர்காணல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், தம்பி, ஏனென்றால் அவர்கள் உங்களிடம் கேட்டது வடிவமைப்புக் கேள்விதான்.

சிரிஞ்சு பம்பின் உள்ளே இருப்பது உங்களுக்கு நன்கு தெரிந்த இயந்திரம். ஒரு ஸ்டெப்பர் மோட்டார், பல்சக்கரக் குறைப்பு, ஒரு திருகுதண்டு, அதன் மேல் நகரும் நட்டு, அந்த நட்டோடு சேர்ந்து சிரிஞ்சின் உந்துதண்டைத் தள்ளும் தள்ளி: அவ்வளவுதான். லேத்தின் குறுக்குச் சறுக்கில் பேக்லாஷ், அதாவது உறுப்புகளுக்கிடையே தளர்ச்சி, இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கைப்பிடியைச் சிறிது சுற்றினாலும் கருவி நகராது. அதே பேக்லாஷ் இங்கே இருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

50 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 29 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 660 சதுர மி.மீ. வரும். அப்படியானால் உந்துதண்டு 0.1 மி.மீ. நகர்ந்தால் 0.066 மி.லி. மருந்து வெளியேறும். மணிக்கு 1 மி.லி. வேகத்தில் ஓடும் பம்பில் அந்த 0.1 மி.மீ.யைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். திருகுதண்டு, நட்டு, தள்ளி, சிரிஞ்சின் விளிம்பைப் பிடிக்கும் பள்ளம் ஆகிய எல்லாவற்றிலும் உள்ள தளர்ச்சியைக் கூட்டினால் 0.1 மி.மீ. வந்துவிடக்கூடாது என்று எந்த வரைபடமும் தானாகச் சொல்லாது. இரத்த அழுத்தம் சரிந்து கிடக்கும் நோயாளிக்கு அந்தப் பம்பில் ஓடுவது அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் என்றால், அந்த மருந்து உடலில் பாதியாகக் குறைவதற்கு இரண்டு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல் போதும். செவிலியர் தீர்ந்த சிரிஞ்சை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார். திரையில் மணிக்கு 1 மி.லி. என்று காட்டுகிறது, மோட்டார் சுற்றுகிறது, நான்கு நிமிடத்துக்கு ஒரு துளியும் போவதில்லை. இதற்கிடையே நோயாளியின் அழுத்தம் விழுகிறது.

இந்த ஒரு சங்கிலியைப் பார்த்தபின், தளர்ச்சியை எடுக்கும் ஸ்பிரிங்கை எங்கே வைப்பது, அதன் விசை எவ்வளவு, அந்த விசை மோட்டாரின் முறுக்குவிசையில் எவ்வளவைத் தின்னும், சிரிஞ்சின் விளிம்புப் பள்ளம் எந்த நிறுவனத்தின் சிரிஞ்சுக்கு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று நூறு வடிவமைப்புக் கேள்விகள் பிறக்கின்றன. இவை அத்தனையும் உங்கள் கைத்திறனுக்கான வேலை. இடர் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14971 தரநிலை, தீங்கைக் குறைக்கும் வழிகளுக்கு ஒரு வரிசையே வைத்திருக்கிறது: முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் தடுப்பு அல்லது அலாரம் வை, அதுவும் போதாதபோதுதான் எச்சரிக்கை வாசகம் எழுது. அந்த வரிசையின் முதல் இடம் இயந்திர வடிவமைப்பாளருடையது. நாம் அங்கே கோட்டைவிட்டால், பொறுப்பு பயனர் கையேட்டின் நாற்பதாம் பக்கத்துக்கும், இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் நினைவாற்றலுக்கும் போய்ச் சேரும்.

அந்தச் சென்னை நிறுவனத்தார் உங்களைச் சரியான இடத்தில் சோதித்திருக்கிறார்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த இடத்துக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

பற்சக்கரம்

ஐயா, இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். நாங்கள் பம்ப் தண்டில் 0.1 மி.மீ. அச்சுவழித் தளர்ச்சியைச் சாதாரணமாக விடுகிறோம். அதே எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கக்கூடும் என்று இதுவரை நான் நினைத்ததில்லை. பொருள் தேர்வைப் பற்றியும் யாராவது எழுத முடியுமா? நான் வார்ப்பிரும்பு, துருவேறா எஃகு, வெண்கலம் ஆகியவற்றோடு பழகியவன். பிளாஸ்டிக்கைப் பற்றி மிகக் குறைவாகவே தெரியும்.

அச்சுக்கூடு

பிளாஸ்டிக் மோல்டு வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். உலோகத்திலிருந்து வருபவர்கள் பிளாஸ்டிக்கின் இழுவலிமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை எதைக் கொண்டு துடைப்பார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில், படுக்கையோரக் கருவி ஒன்றின் உறையைப் பாலிகார்பனேட்டில் வார்த்தோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம். ஒரு கீறலும் விழவில்லை. மருத்துவமனைகளுக்கு அனுப்பிய எட்டாம் மாதத்தில், திருகு இறங்கும் உருளைத் தாங்கிகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் வரத் தொடங்கின. தன்னியலாக மரைவெட்டி இறங்கும் திருகு அந்தத் தாங்கியின் சுவரை வெளிநோக்கி ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். வார்க்கும்போது குளிர்ச்சி சீராக இல்லாததால் உள்ளே தங்கிய இறுக்கமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அந்த நிலையில் ஒவ்வொரு பணிமாற்றத்திலும் ஆல்கஹாலும் வேறு கிருமிநாசினிகளும் தோய்ந்த துணியால் துடைக்கும்போது, திரவம் மூட்டு வழியே கசிந்து உள்ளே போய், இறுக்கத்தில் இருக்கும் இடத்தை மட்டும் தேடிப் பிடித்துப் பிளந்தது. இறுக்கம் மட்டும் இருந்தாலும், திரவம் மட்டும் இருந்தாலும் அது பல ஆண்டுகள் தாங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது தாங்கவில்லை.

திருகுக்குப் பித்தளைச் செருகல் வைத்து, சுவர்த் தடிமனைச் சீராக்கி, வேதிப்பொருளைத் தாங்கும் கலவைப் பிளாஸ்டிக்குக்கு மாறி அதைச் சரிசெய்தோம். அதன் பிறகு, வளைத்து இறுக்கிப் பிடித்த மாதிரித் துண்டுகளை மருத்துவமனை உண்மையில் பயன்படுத்தும் திரவத்தில் நனைத்து வைத்துப் பார்க்காமல் எந்தப் பிளாஸ்டிக்கையும் நான் ஏற்பதில்லை.

கிருமிநீக்கம் வேறொரு பெரிய பொருள். சிரிஞ்சு பம்பைத் துடைப்பதோடு சரி. ஆனால் அதோடு சேரும் குழாய்த் தொகுதியைக் காமா கதிரிலோ எத்திலீன் ஆக்சைடு வாயுவிலோ கிருமிநீக்கம் செய்வார்கள். வழக்கமான 25 கிலோகிரே அளவுக் காமா கதிர், பற்சக்கரங்களுக்கு நாம் விரும்பி எடுக்கும் அசிட்டால் பிளாஸ்டிக்கை நொறுங்கும்படி செய்துவிடும், டெஃப்லானையும் அப்படியே. எந்த முறையில் கிருமிநீக்கம் என்று முடிவாகாமல் பொருளை முடிவு செய்யாதீர்கள்.

வார்டுப்பொறியாளர்

மருத்துவமனை ஒன்றில் கருவிகளைப் பராமரிக்கும் உயிர்மருத்துவப் பொறியாளர் நான். உங்களைப் போன்றவர்கள் வரைந்தவை கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன என்பதால், வடிவமைப்பாளர்கள் வார்டில் வந்து நிற்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

திருகுதண்டு ஐயா சொன்ன தொடக்கத் தாமதம் உண்மை. அதனால்தான் சிரிஞ்சை மாற்றியதும், குழாயை நோயாளியிடம் இணைக்கும்முன் பம்பைக் கொண்டே சிறிது மருந்தைத் தள்ளித் தளர்ச்சியை எடுத்துவிடும்படி செவிலியர்களுக்குக் கற்றுத்தருகிறோம். ஆனால் நெருக்கடியில் அது விட்டுப்போவதை நானே பார்த்திருக்கிறேன். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. தள்ளியானது உந்துதண்டின் தலையைச் சரியாகக் கவ்வவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; பம்ப் நோயாளியைவிட உயரத்தில் மாட்டப்பட்டிருந்தால், திரவத்தின் எடையே உந்துதண்டை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மோட்டார் சுற்றாமலேயே மருந்து நோயாளிக்குள் இறங்கும். தள்ளியில் உள்ள கவ்வியின் நகத்தில் ஒரு மில்லிமீட்டர் உடைந்தாலும் இது நடக்கலாம். நகம் உடைந்த பம்பில் பிளாஸ்டர் ஒட்டி ஓட்டியதையும் கண்டிருக்கிறேன். மாற்றுப் பம்ப் இல்லாத இரவில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆகவே அந்த நகத்தை வரையும்போது, அது உடைந்த பின்னும் யாரோ அதைப் பயன்படுத்துவார்கள் என்று நினைத்து வரையுங்கள். உடைந்தால் பம்ப் ஓடவே கூடாது; அதை உணரும் சென்சார் வேண்டும்.

குழாய் மடங்கி அடைபட்டால் அலாரம் ஒலிக்கும்வரை சிரிஞ்சின் ரப்பரும் குழாயும் விரிந்து அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும். மடிப்பை நிமிர்த்தினால் அந்த மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும். இப்போது வரும் பல பம்புகள் அலாரம் வந்ததும் மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்குகின்றன. இங்கேயும் பேக்லாஷ் கணக்கு வரும் என்பதை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிரிஞ்சு முனையின் 6 சதவீதக் கூம்பான லூயர் இணைப்பு எல்லாவற்றோடும் பொருந்தியதே ஒரு காலத்தில் ஆபத்தாக இருந்தது. வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாயை இரத்தக்குழாயில் இணைத்த விபத்துகள் உலகின் பல நாடுகளில் நடந்த பின்னரே, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் வேறு வடிவ இணைப்பை ஐ.எஸ்.ஓ. 80369 தரநிலைத் தொடர் வகுத்தது. தவறாக இணைக்க முடியாதபடி வடிவத்தையே மாற்றினார்கள். உங்கள் துறையின் வேலை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எஃகுத்தாள்

மேலே எழுதிய மூவரும் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இவை எல்லாம் கூர்ந்த கவனிப்பும் நல்ல வடிவமைப்பும். ஆனால் இவற்றுக்கு அத்தனை கோப்புகள் ஏன் என்பதே என் கேள்வி. நல்ல பொறியாளர் கோப்பு இல்லாமலும் நகத்தைச் சரியாகத்தான் வரைவார். கவனமில்லாதவர் கோப்பை நிரப்பிவிட்டுத் தவறாகவே வரைவார். நான் சலித்து வெளியேறியதற்குக் காரணம், வரைந்து முடித்த பின்னர் கோப்பை நிரப்பியதுதான்.

திருகுதண்டு

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வரைந்து முடித்தபின் நிரப்பப்படும் கோப்பு பயனற்றது என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால், அதை வெறும் அலுவலகச் சடங்காக எண்ண என்னால் முடியவில்லை.

பியோர்க்-ஷைலி என்ற பெயரில் வந்த, குவிவும் குழிவும் கொண்ட வட்டு உடைய செயற்கை இதய வால்வு 1979 முதல் 1986 வரை சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. உலோக வளையத்துக்குள் ஒரு வட்டு சாய்ந்து திறந்து மூடும். இரு கம்பி வளைவுகள் அதைப் பிடித்திருக்கும். ஒரு வளைவு வளையத்தோடு ஒரே துண்டாக உருவானது; மற்றது தனியாகச் செய்து வெல்டிங் செய்யப்பட்டது. வட்டு மூடும்போது சற்று மிகையாகச் சுழன்று, வெல்டு செய்த வளைவின் நுனியில் மோதியது. இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறை வளைந்த கம்பி, வெல்டின் அடியில் களைப்படைந்து முறிந்தது. வட்டு கழன்று இரத்த ஓட்டத்தோடு போனது. அறுநூறுக்கும் மேற்பட்ட வால்வுகள் இப்படி முறிந்தன. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. இயந்திரப் பொறியாளர் ஒருவர் தாளில் எழுதிப் பார்த்திருக்க வேண்டிய விசை அது.

அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்.டி.ஏ. அமைப்பு 1990இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்ட கருவிகளின் தரக்குறைகளில் சுமார் 44 சதவீதம், தயாரிப்பில் நேர்ந்தவையாக அல்லாமல் வடிவமைப்பிலேயே இருந்த குறைகள் என்று கண்டது. அதுவரை ஒழுங்குமுறை முழுவதும் தொழிற்சாலைத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு வந்த சட்டத்தின் அதிகாரத்தில், வடிவமைப்புக் கட்டுப்பாடு என்ற பகுதி 1996இல் விதியாகி 1997இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் ஐந்தாம் அட்டவணையும், தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 13485 தரநிலையும் இதையேதான் கேட்கின்றன: பயனருக்கு என்ன வேண்டும், அதை எந்த அளவுகளாக மாற்றினாய், அந்த அளவு கிடைத்ததை எப்படிச் சோதித்தாய், கிடைத்த கருவி பயனருக்கு உண்மையில் உதவுகிறதா.

இதன் மறுபக்கமாக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வைச் சொல்வேன். முந்தைய மாதிரிகள் சோதனையில் தோற்றன. செயற்கை நீலக்கல்லால் ஆன வட்டையும் முயன்றார்கள். நான்காவது வடிவமே வென்றது: கோபால்ட் உலோகக்கலவையின் ஒரே கட்டியிலிருந்து கடைந்த, வெல்டு இல்லாத உடல், மிகையுயர் மூலக்கூற்று எடையுள்ள பாலிஎத்திலீன் வட்டு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தோற்ற மாதிரி ஏன் தோற்றது என்று எழுதி வைத்தவர்களால்தான் அடுத்ததை மாற்றி வரைய முடியும். மூன்று முறை தோற்பதைத் தாங்கும் நிறுவனம் அமைவது அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே பற்சக்கரம் தம்பிக்கு என் யோசனை இதுதான். வரைவதற்கு முன்பே எழுதுங்கள். பள்ளத்தின் அகலம் இன்ன அளவு என்று போடும்போதே, அது யாரைக் காக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சோதனைக்கு எத்தனை மாதிரி என்று கேட்டால் மூன்று என்று சொல்லிவிடாதீர்கள். 95 சதவீத நம்பிக்கையோடு 95 சதவீத நம்பகத்தன்மையைக் காட்ட, ஒன்றுகூடத் தோற்காமல் 59 மாதிரிகள் தேற வேண்டும்; நம்பகத்தன்மை 90 சதவீதம் போதும் என்றால் 29 மாதிரிகள் போதும். எது போதும் என்பதை அந்த அளவு தவறினால் விளையும் தீங்கு முடிவு செய்யும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. எஃகுத்தாள் சொன்ன ஏழு வாரத்தில் பெரும்பகுதி, அந்தத் திருகு ஏன் 8 மி.மீ. என்று முதலில் யாரும் எழுதாததால் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எஃகுத்தாள்

அது உண்மைதான். மூன்று வாரம் அதைத் தேடுவதிலேயே போனது. அந்தத் திருகை வரைந்தவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்.

பற்சக்கரம்

அனைவருக்கும் நன்றி. அழைப்பை ஏற்றுக்கொண்டேன், அடுத்த மாதம் சேருகிறேன். இடைப்பட்ட நாள்களில், எஃப்.டி.ஏ. பொதுவில் வைத்திருக்கும் பாதக நிகழ்வுப் பதிவுகளில் சிரிஞ்சு பம்புகளைப் பற்றியவற்றைப் படித்து வருகிறேன்.

நேர்காணல் கேள்விக்கு மறுபடியும் பதில் எழுதிப் பார்த்தேன். தளர்ச்சியால் மருந்து தாமதமாவது, கவ்வி நழுவி மருந்து தானாக இறங்குவது, அடைப்பு நீங்கும்போது ஒருசேரப் பாய்வது, துடைக்கும் திரவத்தால் திருகுத் தாங்கி வெடித்து, அதனால் தள்ளியின் பிடிப்பு தளர்வது ஆகிய நான்கும் இங்கே கற்றவை. ஐந்தாவதாக ஒன்றை நானே யோசித்தேன். சிரிஞ்சைப் பொருத்தும்போது தள்ளியைக் கையால் நகர்த்துவதற்காக, நட்டைப் பாதியாகப் பிளந்து ஸ்பிரிங்கால் திருகுதண்டில் அமர்த்துகிறார்கள். லேத்தில் மரை வெட்டும்போது பிளவு நட்டு சில நேரம் பள்ளத்தில் இறங்காமல் மரையின் முகட்டில் ஏறி உட்காரும். இங்கும் அப்படி உட்கார்ந்தால் மோட்டார் சுற்றும், தள்ளி நகராது அல்லவா? மோட்டாரின் சுற்றை மட்டும் எண்ணும் பம்புக்கு அது தெரியவே தெரியாது.

திருகுதண்டு

தெரியாது. ஆகவே தள்ளியின் இடத்தைத் தனியாக அளக்கும் சென்சார் ஒன்று வேண்டும். அதன் எண்ணும் மோட்டாரின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பம்ப் நின்று அலாரம் தர வேண்டும். அந்தச் சென்சாருக்கான இடத்தை உறையில் முதல் நாளே ஒதுக்குங்கள். பின்னால் இடம் கேட்டால் கிடைக்காது.